அரசு உயர்நிலைப் பள்ளி முன்னாள் மாணவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

சங்கத் தலைவர் அவர்களே, தலைமை ஆசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களே, வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வெளியூரிலிருந்து வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

மதிப்பெண் பட்டியலையும் தேர்ச்சி விவரத்தையும் தலைமை ஆசிரியர் தம் அறிக்கையில் வாசித்துவிட்டார். வரவு செலவைப் பொருளாளர் எனக்கு அடுத்து வைப்பார். அவற்றை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. இந்த ஆண்டு சங்கம் எதில் இறங்கியது, எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது என்பதை மட்டும் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

சென்ற பொதுக்குழுவில் நிறைவேற்றிய தீர்மானத்தை முதலில் நினைவூட்ட வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் முதல் மூன்று இடம் பிடிப்பவர்களுக்குப் பணமுடிப்பு கொடுப்பதுதான் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து நம் முக்கிய வேலையாக இருந்தது. மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று பெயர் சொல்லி அறிவிப்பதை அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. நாம் விடாமல் செய்துகொண்டிருந்தோம். அந்தத் தொகையை இனி தேர்ச்சி பெறாத பிள்ளைகளுக்குச் செலவிடுவது என்று முடிவெடுத்தபோது மூத்த உறுப்பினர்கள் சிலருக்கு வருத்தம். நன்றாகப் படிக்கிற பிள்ளையைத் தட்டிக்கொடுக்க வேண்டாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். முதலிடம் பெற்றவர்களுக்கு இன்றைக்கும் மேடையில் புத்தகமும் சான்றிதழும் உண்டு. ஆனால் நானூற்றைம்பது எடுத்த பிள்ளைக்கு நாம் இல்லாவிட்டாலும் வழி கிடைத்துவிடும். கணக்கில் முப்பது எடுத்துவிட்டு நிற்கிற பிள்ளைக்கு நம்மை விட்டால் ஆள் இல்லை. இந்த ஓராண்டு வேலைக்குப் பிறகு அந்தத் தீர்மானம் சரிதான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

தேர்வு முடிவு வந்த வாரமே வகுப்பாசிரியரிடம் பட்டியல் வாங்கிக்கொண்டு உறுப்பினர்கள் இருவர் இருவராக வீடு வீடாகப் போனோம். ஆசிரியர் வருகிறார் என்றால் பிள்ளை பின்வாசல் வழியாகப் போய்விடுகிறான். அதே தெருவில் வளர்ந்து இதே பள்ளியில் படித்த அண்ணனோ அக்காவோ போனால் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறான். பெரும்பாலோர் விட்டது ஒரே ஒரு பாடம். வீட்டிலோ பெயில் என்று கேட்டதும் படிப்புக் கதை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். பனியன் கம்பெனிக்கோ கட்டட வேலைக்கோ அனுப்பப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. உடனடியாகத் துணைத் தேர்வு ஒன்று உண்டு, அதில் தேறினால் அதே ஆண்டிலேயே பிளஸ் ஒன் சேரலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரியவே இல்லை. ஒரு தாயார், "இதை யாரும் எங்ககிட்ட சொல்லலையே தம்பி" என்றார். பட்டியலோடு ஊருக்குள் போனதற்கு அந்த ஒரு சொல்லே போதும்.

தலைமை ஆசிரியர் விடுமுறையிலும் ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டார். மாலை நேரத்தில் நம் உறுப்பினர்களே பாடம் எடுத்தார்கள். கணக்கு வினாத்தாளைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. தேர்ச்சிக்கு வேண்டியது 35. அதில் 16 மதிப்பெண்ணைப் பென்சிலும் அளவுகோலும் காம்பஸும் வாங்கித் தந்துவிடும். ஆகவே வகுப்பை அங்கிருந்தே தொடங்கினோம். ஒரு மாணவன் தொடுகோடு வரையும் படிகளை வாயால் பிசகாமல் சொல்கிறான். தாளில் வரையச் சொன்னால் எதுவும் எதோடும் பொருந்தவில்லை. அவன் காம்பஸைக் கையில் வாங்கிப் பார்த்தால், திருகு தளர்ந்து கால் விலகிக்கொண்டே போகிறது. வட்டம் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வதில்லை. தனக்கு வடிவியல் வராது என்றே அந்தப் பிள்ளை இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறான். மறுநாளே உறுப்பினர் ஒருவர் எல்லோருக்கும் நல்ல கருவிப் பெட்டி வாங்கி வந்துவிட்டார். துணைத் தேர்வு எழுதியவர்களில் அந்த மாணவன் உட்படப் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். தேறாதவர்களின் பெயர்கள் நம் பதிவேட்டில் இருக்கின்றன. அவர்களைத் தனித்தேர்வர்களாக அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்க வைக்கும் பொறுப்பைத் துணைச் செயலாளர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

சரி, தேறியாகிவிட்டது. அடுத்து எங்கே போவது? நம் பள்ளியின் பெரிய குறையே இதுதான். பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. பிளஸ் ஒன் படிக்கப் பேருந்து ஏற வேண்டும். பயண அட்டை இலவசமாகக் கிடைக்கிறது. பேருந்துதான் நேரத்துக்கு இல்லை. காலையில் வருவதை விட்டுவிட்டால் முதல் பாடவேளை போய்விடும். மாலையில் சிறப்பு வகுப்பு வைத்தால் வீடு திரும்ப இருட்டிவிடுகிறது. பெண் பிள்ளைகளை அத்தோடு நிறுத்திவிடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. கொஞ்சம் வசதி உள்ளவர்கள் கடன் வாங்கியாவது தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறார்கள்.

அப்படித் தனியார் பள்ளியில் சேர்ப்பதால் பிள்ளை எதை இழக்கிறது என்பதைப் பெற்றோருக்குச் சொல்லவே ஏப்ரலில் ஒரு கூட்டம் போட்டோம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் என்று அதை விரிவாக்கினார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதுதான் அதற்கு அடிப்படை. ஐந்து ஆண்டுகள் இங்கே படித்துவிட்டு, கடைசி இரண்டு ஆண்டுக்கு வேறு இடம் போனால் அந்த உரிமை போய்விடும். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் (மாணவியருக்கு), தமிழ்ப் புதல்வன் (மாணவர்களுக்கு) திட்டங்களுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தார்கள் என்று பார்க்கிறார்கள். இதையெல்லாம் கேட்டுவிட்டு முன்பணம் கட்டிய தனியார் பள்ளியிலிருந்து பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொண்ட பெற்றோரும் உண்டு.

பிளஸ் ஒன் ஒன்றுதான் வழி என்றும் நாம் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக மூன்றாண்டு பட்டயப் படிப்பில் சேரலாம். முடித்தபின் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டிலேயே நுழையலாம். அரசுத் தொழிற்பயிற்சி நிலையமான ஐடிஐயில் சேர்ந்தால் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் கிடைக்கிறது. ஐடிஐ முடித்து நல்ல வேலையில் இருக்கும் நம் உறுப்பினர்கள் சீருடையோடு வந்து பேசியது, நாங்கள் பேசியதையெல்லாம் விடப் பையன்களிடம் எடுபட்டது.

ஆனாலும் நிலையான தீர்வு பள்ளியை மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்துவதுதான். சங்கத்தின் வளர்ச்சித் திட்டத்தில் இதுவே முதலிடத்தில் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கிராம சபையிலும் தீர்மானம் நிறைவேறிவிட்டது. சுற்று வட்டார நடுநிலைப் பள்ளிகளிலிருந்து எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், பக்கத்து மேல்நிலைப் பள்ளி எவ்வளவு தூரம், நம்மிடம் உள்ள இடம் எவ்வளவு என்ற விவரங்களோடு தலைமை ஆசிரியர் கருத்துரு தயார் செய்து மேலே அனுப்பியிருக்கிறார். அரசுக்குச் செலுத்த வேண்டிய பொதுமக்கள் பங்களிப்புத் தொகைக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்கியாகிவிட்டது. அனுமதி வந்த பிறகு வசூலிக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம் என்பது செயற்குழுவின் கருத்து. ஆய்வகத்துக்கும் கூடுதல் வகுப்பறைக்கும் பள்ளியின் கிழக்குப் பக்கம் இடம் இருக்கிறது. அதன் எல்லையை அளந்து கல் நட வேண்டிய வேலை பாக்கி. வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினர்கள் இதில் முன்வர வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது உதவித்தொகைத் தேர்வு. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வில் நம் பிள்ளைகள் இந்த ஆண்டும் தேறியிருக்கிறார்கள். பயிற்சி கொடுத்த ஆசிரியர்களுக்குத்தான் முழுப் பெருமையும். மனத்திறனில் 90 வினா, பாடத்தில் 90 வினா. தேறினால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் இந்தப் பணம் ஒரு பிள்ளையைப் பள்ளியில் நிறுத்திவைக்கப் போதுமானது. தேர்வில் தேறுவதைவிடப் பணத்தைக் கையில் வாங்குவது கடினமாக இருக்கிறது என்பதைத்தான் இந்த ஆண்டு பார்த்தோம். பள்ளிப் பதிவேட்டில் பெயருக்கு முன்னால் இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுசாக. வங்கிக் கணக்கில் இனிஷியலே கிடையாது. ஒரே பிள்ளை மூன்று பெயரில் இருக்கிறாள். இணையதளம் அவளை ஏற்க மாட்டேன் என்கிறது. கணினி தெரிந்த நம் இளம் உறுப்பினர்கள் சனிக்கிழமைகளில் பள்ளியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்து கொடுத்தார்கள். பிறப்புச் சான்றிதழில் தொடங்கி வங்கிக் கணக்கு வரை எல்லாவற்றிலும் ஒரே எழுத்து, ஒரே வரிசை. அப்புறம்தான் பணம் ஏறியது. இதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் பெற்றோர் மறக்கக் கூடாது. பத்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போனவர்கள் அங்கேயும் கேட்டுப் புதுப்பிக்க வேண்டும். தனியார் பள்ளிக்கு மாறினால் இந்தத் தொகையும் நின்றுவிடும். இனி ஆறாம் வகுப்பில் சேரும்போதே மூன்று ஆவணங்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது என்று தலைமை ஆசிரியரோடு பேசி முடிவு செய்திருக்கிறோம்.

மாணவர் செயல்பாடுகளில் கோ-கோ அணியைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். நம் மாணவிகள் பக்கத்துப் பள்ளிகளோடு ஆடும் குறுவட்டப் போட்டியில் வென்று மாவட்டப் போட்டி வரை போனார்கள். 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பையை இந்தியப் பெண்கள் அணி வென்றதிலிருந்தே இந்தப் பிள்ளைகள் அந்த ஆட்டத்தை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பள்ளிக் காலத்தில் இதே மைதானத்தில் ஆடிய நம் உறுப்பினர் ஒருவர், இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், விடிகாலையில் வந்து பயிற்சி கொடுக்கிறார். உட்கார்ந்திருக்கும் பிள்ளை, துரத்தி வருகிறவள் முதுகில் தட்டிச் சொல்லும் 'கோ' கேட்டதும் எந்தக் காலை முதலில் ஊன்றி எழ வேண்டும் என்பதையே நாள்கணக்கில் சொல்லிக்கொடுத்தார். மாவட்டத்தில் தோற்றுவிட்டு வந்த அன்று மாலையே மைதானத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள் அந்தப் பிள்ளைகள். அவர்களுக்குக் காலணி வாங்குவதற்கான செலவைச் சங்கம் ஏற்றிருக்கிறது.

கலைத் திருவிழாவில் வில்லுப்பாட்டுக் குழு வட்டார அளவில் பரிசு பெற்றது. வானவில் மன்றத்தின் அறிவியல் சோதனைகள், இலக்கிய மன்றம், சுதந்திர தினம், குடியரசு தினம், மரக்கன்று நடுதல் எல்லாம் வழக்கம்போல் நன்றாக நடந்தன. பள்ளிக் கல்வித் துறையின் தேன்சிட்டு சிறார் இதழைப் பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கிப் படிக்கிறார்கள். நூலகத்துக்கு ஒரு புத்தக அலமாரி கொடுத்திருக்கிறோம்.

இனி வசதிகள். உறுப்பினர்கள் பலர் பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசையோடு கேட்கிறீர்கள். நுழைவு வாயில் வளைவு, பெரிய தொலைக்காட்சி, பெயர் பொறித்த மேடை என்று நினைக்கிறீர்கள். அந்த அன்பை மதிக்கிறேன். ஆனால் பிள்ளைகளிடம் கேளுங்கள். மாணவியர் கழிவறையில் தாழ்ப்பாள் போன கதவு ஒன்று வெகுநாளாக அப்படியே இருந்தது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடிக்க வேண்டும். அதற்குப் பயந்தே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்த பிள்ளைகள் உண்டு. ஒரு ஆசிரியை சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது. தாழ்ப்பாள் போட்டாயிற்று, குழாயும் மாற்றியாயிற்று, நாப்கின் எரியூட்டியும் ஓடுகிறது. தூய்மைப் பணியாளர் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுக்க நன்கொடையாளர்கள் வேண்டும். பெயர்ப் பலகை வைக்க முடியாத நன்கொடை இது. இருந்தும் இதற்கே முதலில் கை கொடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். பெரிய தொகை தர நினைப்பவர்கள், குறிப்பாக வெளிநாட்டில் இருப்பவர்கள், 2022-இல் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் மூலம் நம் பள்ளியைத் தேர்ந்தெடுத்தே அனுப்பலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவை 2024-இல் மறுகட்டமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். நம் பிரதிநிதிகள் கூட்டங்களுக்குத் தவறாமல் போகிறார்கள். அங்கே எடுக்கும் முடிவு எதுவானாலும் அடுத்த செயற்குழுவில் வாசிக்கப்படும்.

வரும் ஆண்டில் தரம் உயர்த்தும் கருத்துரு என்ன ஆயிற்று என்று தொடர்ந்து கேட்டுக்கொண்டிருப்பது, காலைப் பேருந்து நேரத்தை மாற்றக் கோரிப் போக்குவரத்துக் கழகத்துக்குப் பெற்றோர் கையெழுத்தோடு மனு கொடுப்பது, மாலை வகுப்பை மே மாதத்துக்குக் காத்திராமல் காலாண்டுத் தேர்வு முடிந்ததுமே தொடங்குவது ஆகிய மூன்றும் செயற்குழு எடுத்துக்கொண்ட வேலைகள். மாலை வகுப்புக்குக் கணக்கும் ஆங்கிலமும் எடுக்க ஆள் போதவில்லை. வாரத்தில் ஒரு மாலை கொடுக்க முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வகுப்பறையைத் திறந்துவிட்ட தலைமை ஆசிரியருக்கும், விடுமுறையிலும் வந்து நின்ற ஆசிரியர்களுக்கும், பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்குச் சுண்டல் அவித்துக் கொடுத்த சத்துணவு அமைப்பாளர் அம்மாவுக்கும், வீடு வீடாக நடந்த உறுப்பினர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்று ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்து வரவு செலவு அறிக்கையை வைக்கப் பொருளாளரை அழைக்கிறேன்.