பொடியனுக்குப் பசிக்கட்டும்

அன்புள்ள தோழிக்கு,

ஸ்ரீரங்கத்தில் உன் வீட்டிலிருந்து கிளம்பி வந்து இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. இரண்டு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. கோபம் என்று தெரியும். அதில் நியாயமும் இருக்கிறது. உன் மகன் பொடியன் கையில் இருந்த மசாலா நொறுக்குப் பாக்கெட்டைப் பார்த்து, "மூணு வயசுப் பிள்ளைக்கு இதையா கொடுக்கறே?" என்று உன் மாமனார், மாமியார் முன்னால் கூடத்தில் நின்று கேட்டுவிட்டேன். நீ ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாய். திரும்பி நின்ற உன் முதுகு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நாலு பேர் நடுவில் கேட்டது தப்பு. அதற்கு மனசார மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் கேட்ட விஷயத்தை அப்படியே விட்டுவிட என்னால் முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஏன் அவ்வளவு பதறினேன் என்பதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. என் மகளுக்கு இரண்டரை வயதானபோது நான் மறுபடி வேலைக்குப் போனேன். காலையில் பஸ்ஸில் அழாமல் வர ஒரு பிஸ்கட். காப்பகத்தில் விடும்போது ஒரு பிஸ்கட். சாயங்காலம் கூட்டி வரும்போது இன்னொன்று. நாலு வயது முடிவதற்குள் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் சொத்தை. பல் டாக்டரிடம் அவள் கையையும் காலையும் அழுத்திப் பிடித்துக்கொண்டவள் நான்தான். எவ்வளவு இனிப்பு தின்றாள் என்பதைவிட எத்தனை தடவை தின்றாள் என்பதுதான் பல்லை அதிகம் கெடுக்கும் என்றார் அவர். மாவும் சர்க்கரையும் பல்லில் ஒட்டியிருக்கும்போதெல்லாம் வாயில் இருக்கும் கிருமிகள் அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்குமாம். பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். அவளோ வலி பொறுக்காமல் ஒரு மாதம் இட்லியைக்கூட மென்று தின்னவில்லை. உன் மகன் அந்தப் பாக்கெட்டை முன்பல்லால் கிழித்தபோது எனக்கு என் மகளின் வாய்தான் தெரிந்தது.

சரி, பொடியனுக்கு வருகிறேன். "இவன் சாப்பிடவே மாட்டேங்கறான்டி, எதையாவது தின்னாச் சரின்னு ஆகிடுச்சு" என்றாய். அந்த இரண்டு நாளும் நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணிக்கு ஒரு டம்ளர் பால், அதில் இரண்டு ஸ்பூன் சாக்லேட் பொடி. எட்டரைக்கு இட்லி, பாதியோடு வாயை மூடிக்கொண்டான். பத்து மணிக்கு அழுதான், க்ரீம் பிஸ்கட் இரண்டு. பன்னிரண்டரைக்கு ரசம் சாதத்தோடு நீ மொட்டை மாடி வரை துரத்தினாய், போனில் பாட்டுப் போட்டுக் காட்டியதில் நாலு வாய் உள்ளே போயிற்று. மூன்றரைக்கு உன் மாமியார் டீயில் தொட்டு மறுபடி இரண்டு பிஸ்கட். ஐந்து மணிக்கு மாம்பழ ஜூஸ். ஆறரைக்கு மாமா கோயிலிலிருந்து வந்தார், சட்டைப் பையில் அஞ்சு ரூபாய் பாக்கெட். விரலில் ஒட்டிய ஆரஞ்சு நிற மசாலாவை ஒவ்வொரு விரலாக நக்கி முடித்துவிட்டு, காலி உறைக்குள் மூக்கை விட்டுத் தேடினான். எட்டு மணிக்கு நீ வார்த்த தோசை, சர்க்கரை தொட்டுக் கொடுத்தும் உள்ளே போகவில்லை. வெறும் வயிற்றோடு தூங்கக் கூடாதே என்று பத்து மணிக்கு மறுபடி பால்.

அந்தப் பிள்ளைக்குப் பசி எடுக்க நேரம் விட்டோமா, சொல்? சாப்பிடாத பிள்ளை என்று நீ அழுகிறாய். அவன் விடிந்ததிலிருந்து தின்றுகொண்டேதான் இருந்தான்.

நீ குளிக்கப் போயிருந்தபோது அந்த ஜூஸ் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். 100 மில்லிக்கு 13 கிராம் சர்க்கரை. டப்பா 160 மில்லி. மொத்தம் கிட்டத்தட்ட 21 கிராம், நாலு டீஸ்பூனுக்கு மேல். ஜூஸில் இருக்கிற, நாம் சேர்க்கிற சர்க்கரை எல்லாம் சேர்ந்து ஒரு நாள் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015லேயே சொல்லியிருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1000 கலோரி போதும். அப்படியென்றால் 25 கிராம்தான் உச்சம். அந்த ஒரு டப்பாவிலேயே கணக்கு கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது. பொடியும் பிஸ்கட்டும் அதற்கு மேல்.

பாலில் கலக்கிற பொடி சத்துக்காக என்றாய். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணையக் கடைகளிடம் இந்த மாதிரிப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பிலிருந்து எடுக்கச் சொன்னது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே கிடையாது. கலந்திருப்பதில் எது எடையில் அதிகமோ அதைத்தான் உறையில் முதலில் அச்சிட வேண்டும். வீட்டில் இருக்கிற டப்பாவை எடுத்து, சர்க்கரை எத்தனையாவதாக வருகிறது என்று மட்டும் பார். வேறு ஒன்றும் படிக்க வேண்டாம்.

2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி சாயம் என்று தமிழ்நாட்டில் தடை வந்ததே, "இனிமே அந்தப் பக்கமே போகமாட்டோம்" என்று அன்றைக்கே எனக்கு மெசேஜ் அனுப்பியவள் நீ. கெடுதல் என்று தெரிந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்க மாட்டாய். இந்தப் பாக்கெட் எல்லாம் அப்படிப்பட்ட விஷமும் இல்லை, அதனால்தான் இதைப் பேசுவது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. என்றைக்கோ ஒருநாள் தின்றால் ஒன்றும் ஆகாது. தினம் தின்றால் சோற்றுக்கு இடம் இருக்காது.

அப்புறம் அந்த டீ. போன தடவை பொடியனுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் குறைவு, இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள் என்றாய். இது உன் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் 57.4 சதவீதம் பிள்ளைகளுக்கு ரத்தசோகை. டீயில் இருக்கிற டானின் என்கிற துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. டானிக்கையும் கொடுத்து டீயையும் கொடுத்தால் அந்த டானிக்கால் என்ன பிரயோஜனம்? டீயை நாளையிலிருந்தே நிறுத்திவிடு. மாமியாரிடம் டாக்டர் சொன்னார் என்று சொல், கேட்பார்.

மற்றபடி நான் கேட்பது ஒன்றுதான். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் இரண்டரை மணி நேரமாவது தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம். நாலு மணிக்கு ஒரு தின்பண்டம் நிச்சயம் உண்டு என்று அவனுக்குத் தெரியட்டும்: வாழைப்பழம், அவித்த சர்க்கரைவள்ளி, குழைய வேகவைத்த சுண்டல். சுண்டலை மசித்துக் கொடு, முழுக் கடலை இந்த வயதில் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். தட்டில் என்ன வைப்பது, எப்போது வைப்பது எல்லாம் நீ முடிவு செய். எவ்வளவு தின்பது என்பதை அவனிடம் விட்டுவிடு. புதுக் காய் என்றால் எட்டு பத்து தடவை தட்டில் பார்த்த பிறகுதான் பல பிள்ளைகள் வாயில் வைக்கும். மூன்றாம் தடவையே மனசு விட்டுவிடாதே.

முதல் மூன்று நாள் வீடு ரெண்டாகும். எங்கள் வீட்டில் ஆனது. என் மகள் சமையலறைக் கதவை உதைத்துக்கொண்டே அழுதாள், நான் உள்பக்கம் நின்று அழுதேன். ஆறாம் நாள் மத்தியானம் நான் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தாள். தட்டைத் தன் பக்கம் இழுத்து, விரலிடுக்கில் பருப்பு வழிய வழிய, பெரிய உருண்டையாகப் பிடித்து வாயில் போட்டாள். நான் மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா விஷயம்தான் சிக்கல், அது எனக்குப் புரிகிறது. பேரன் வாசலுக்கு ஓடிவந்து தன் சட்டைப் பைக்குள் கையை விடும் அந்த ஒரு நொடிக்காக அவர் நாள் முழுக்கக் காத்திருக்கிறார். அதைப் பிடுங்கச் சொல்ல எனக்கு மனசு வராது. பையில் ஒரு கொய்யாப்பழம் இருக்கட்டும், ஒரு பூவன் பழம் இருக்கட்டும். முதலில் பொடியன் முகத்தைச் சுளிப்பான், மாமாவுக்கும் சுருக்கென்று இருக்கும். ஒரு மாதம் போனால் பழத்துக்கும் அதே மாதிரி ஓடிவருவான். மருமகளாக இருந்துகொண்டு நீ இதை அவரிடம் சொல்ல முடியாது என்றால், நான் பேசுகிறேன். ஆனால் இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பி ஓடுகிறவள் நீ. லீவு நாளில்கூட உட்கார நேரமில்லாமல் அவன் பின்னால் ஓடியதை இரண்டு நாளும் பார்த்தேன். உன்னைவிட அவன்மேல் எனக்கு அக்கறை அதிகம் என்று நான் ஒரு நொடியும் நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரைக்கு மேல் கூப்பிடுகிறேன். பொடியன் தூங்கியிருப்பான். திட்டுவதாக இருந்தாலும் எடுத்துத் திட்டு.

அன்புடன்,
உன் தோழி