தலைமையாசிரியர் கடிதம்: பிள்ளைகளின் அடமும் நம் கவனமும்

அன்புள்ள பெற்றோர்களே, வணக்கம்.

இந்தத் தவணை நல்லபடியாகப் போகிறது. குறுக்கோட்டத்திலும் கதை சொல்லும் போட்டியிலும் பிள்ளைகள் சிறப்பாகச் செய்தார்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் பந்தலில் கைகொடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கு நன்றி.

சரி, ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. படிநிலை 1 வகுப்புகளில் (ஒன்று முதல் மூன்றாம் ஆண்டு வரை) பாடத்தின் நடுவே கத்துவதும் மேசைக்கடியில் புகுந்துகொள்வதும் கூடியிருக்கின்றன. பென்சில் பெட்டியைத் தள்ளிவிடும் பிள்ளை, சிதறியதைப் பார்ப்பதில்லை. ஆசிரியரின் முகத்தைத்தான் பார்க்கிறது. அமைதியாக எழுதியபோது யாரும் திரும்பவில்லை, பெட்டி விழுந்ததும் வகுப்பே திரும்பியது. திட்டு விழுந்தாலும் அதுவும் கவனம்தானே! பிள்ளையிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எது பலிக்கிறதோ அதைச் செய்கிறது.

அப்புறம் ஏன் இது வளர்கிறது? பள்ளி வாசலில் ஐஸ்கிரீம் கேட்டு முனகும்போது வேண்டாம் என்கிறோம். தரையில் உருண்டதும், நாலு பேர் பார்க்கிறார்களே என்று வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். உருண்டால் கிடைக்கும் என்று பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது. எப்போதாவது கிடைக்கும் பலன்தான் ஒரு பழக்கத்தை விடாப்பிடியாக்கும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் தம் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். கண்டுகொள்ளாமல் விடத் தொடங்கினால், முதலில் அழுகை இன்னும் கூடலாம். பலர் அந்த இடத்தில்தான் விட்டுக்கொடுக்கிறார்கள். அதோடு பெரிய அழுகைக்கே பலன் என்றாகிவிடுகிறது.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். பிள்ளைகள் அடம்பிடிப்பதைக் காணொளி எடுத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். குழுவே சிரித்ததைக் கேள்விப்பட்ட பிள்ளை, மறுநாள் அதையே வகுப்பில் செய்து காட்டுகிறது. அடுத்தவர் பிள்ளையைப் படமெடுத்துப் பகிர்ந்தால், பகிர்ந்தவரை நேரில் அழைத்துப் பேசுவேன்.

வேலை முடிந்து பினாங்குப் பாலத்து நெரிசலைத் தாண்டி வீடு சேர்பவர்களுக்குப் பொறுமை எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். நான் கேட்பது பெரிய காரியமில்லை. பிள்ளை சமர்த்தாக விளையாடும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, “என்ன வரையிற, காட்டு” என்று கேளுங்கள். அடிப்பது, கடிப்பது போன்றவற்றை மட்டும் கண்டும் காணாமல் விடாதீர்கள். அதிகம் பேசாமல் உடனே விலக்கிவிடுங்கள். பிள்ளையின் போக்கு திடீரென்று மாறினால், காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம், பாடம் புரியாமல் இருக்கலாம், யாராவது சீண்டியும் இருக்கலாம். தயங்காமல் ஆலோசக ஆசிரியரைப் பார்க்க வாருங்கள்.

வீட்டிலும் பள்ளியிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ள ஏற்கெனவே எங்களோடு கைகோத்திருக்கும் பெற்றோர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்
பினாங்கு