நாலு மணி நேரம்

துவாஸ், சிங்கப்பூர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். உன் முட்டி வலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டு வருகிறேன்.

அப்பாயிக்குப் பால் தெளித்த அன்று, "திருச்சிக்கு நாலு மணி நேரம்தானேடா, முகத்தைப் பார்க்க வந்திருக்கக் கூடாதா?" என்று சித்தப்பா எல்லார் முன்னாலும் கேட்டார். அப்போது எனக்குப் பேச வாய் வரவில்லை. உனக்காவது சொல்லிவிடுகிறேன்.

சித்தப்பா சொன்னது சரிதான். ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர், பாதிக்கு மேல் வங்காள விரிகுடா, பறப்பது நாலு மணி நேரம், மிஞ்சினால் நாலேகால். பட்டுக்கோட்டையில் பஸ் ஏறி சென்னை போவதற்குக்கூட அதைவிட நேரமாகும். ஆனால் நீ போன் பண்ணியபோது அங்கே விடியக்காலை மூன்றரை, இங்கே ஆறு (இங்கே இரண்டரை மணி நேரம் முந்தி, ஆனாலும் ஏழு மணிக்குத்தான் விடியும்). நான் லாரியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் வந்து, ஆபீசில் லீவு சொல்லி, கையெழுத்து வாங்குவதற்கே ஒன்பதரை ஆகிவிட்டது. பகல் விமானத்தில் ஒரு சீட்டும் இல்லை, ராத்திரி ஏழரைக்குத்தான் கிடைத்தது. துவாஸ் இருப்பது சிங்கப்பூரின் மேற்குக் கடைசி, சாங்கி விமான நிலையம் கிழக்குக் கடைசி, எம்ஆர்டி ரயிலில் ஒன்றரை மணி நேரம். மத்தியானமே போய் உட்கார்ந்துவிட்டேன், தங்கியிருக்கும் டார்மில் இருக்க முடியவில்லை. நீங்கள் அப்பாயியை எடுத்தபோது நான் சாங்கியில் கண்ணாடி ஓரம் நின்றுகொண்டிருந்தேன்.

திருச்சியில் இறங்கும்போது ஒன்பதேகால். வெளியே வர ஒரு மணி நேரம், அப்புறம் கார். வீட்டு வாசலை மிதிக்கும்போது பன்னிரண்டரை. நீ போன் பண்ணி இருபத்தொரு மணி நேரம் அம்மா, அதில் பறந்தது நாலேகால்தான்.

திண்ணையில் அப்பாயியின் வெற்றிலை உரல் அப்படியே இருந்தது, இடித்த பாக்கு அடியில் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைத்தான் பார்த்தேன். 1950-களில் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கு வழியாக ஒரு வாரம் கழித்து இங்கே வந்து இறங்கிய கதையை அந்தத் திண்ணையில்தான் சொல்வாள். கப்பல் போனது தெரியும், சேர்ந்ததைச் சொல்லிக் கடுதாசி வரும்வரை ஒரு வாய் சோறு இறங்காது என்பாள். எனக்கு அந்தக் கப்பல் தூரம் இப்போதுதான் புரிகிறது.

சித்தப்பா மேல் கோபமில்லை. அவர் கேட்டதில் வருத்தம்தான் இருந்தது, அதை அவரிடமும் சொல்லு.

பொங்கலுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன், அதே ஏழரை விமானம். ஆறு மணிக்கே காரை அனுப்பிவிடாதே, திருச்சிக்குப் பத்துக்கு வந்தால் போதும். சோறு வேண்டாம், ரசம் மட்டும் வைத்திரு. அந்த உரலை யாருக்கும் கொடுத்துவிடாதே.

உன் மகன்