தலையில் கொத்திய குருவி

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதில் இருந்து எனக்கு அந்தக் குருவி நினைப்புத்தான். ஒட்டாவா ஆற்றோரம் நடக்கும்போது தலையில் கொத்திவிட்டுப் பறந்தது, உடம்பு கறுப்பு, தோளில் சிவப்பு, அதன் ஓரத்தில் மஞ்சள் என்றாயே, அது ரெட்-விங்ட் பிளாக்பேர்ட். ஆண் பறவை. இங்கே டொராண்டோவில் ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் சேரும் சதுப்பிலும் அவை நிறைய உண்டு. அதன் மேல் கோபப்படாதே அம்மா. பக்கத்தில் கூடு இருக்கிறது, அவ்வளவுதான்.

பனி முழுக்க உருகும் முன்பே, மார்ச்சில், ஆண்கள் வந்துவிடும். சம்பங்கோரையில் ஆளுக்கொரு இடம் பிடித்து, தோளைச் சிலிர்த்துக்கொண்டு 'கொங்க்-லா-ரீ' என்று கத்தும். கடைசி 'ரீ' தகரம் அதிர்கிற மாதிரி இழுபடும். அந்தச் சிவப்புத்தான் அதற்குப் பட்டா. ஆய்வாளர்கள் சில ஆண்களின் தோளுக்குக் கறுப்புச் சாயம் பூசிப் பார்த்தார்கள். பல பறவைகள் இடத்தை இழந்தன. அடுத்தவன் எல்லைக்குள் போகும்போது அவையே சிவப்பை இறகுக்குள் மறைத்துக்கொள்ளும்.

எனக்குப் பெண் குருவியைத்தான் அதிகம் பிடிக்கும். பழுப்பு நிறம், மார்பெல்லாம் கோடுகள். பெரிய சிட்டுக்குருவி என்று நினைத்து எல்லோரும் கடந்துவிடுவார்கள். நெருங்கி நிற்கும் சில கோரைத் தண்டுகளைச் சுற்றி நார் பின்னி, ஈர இலையைச் செருகி, உள்ளே சேறு பூசி, மேலே மெல்லிய புல் பரப்பிக் கூடு கட்டுவது அவள்தான். மூன்று நான்கு முட்டை, வெளிர் நீலப்பச்சையில் கருங்கீறல்கள். பதினொன்று முதல் பதின்மூன்று நாள் அடைகாப்பதும் அவள் மட்டும். ஓர் ஆணின் எல்லைக்குள் இப்படிப் பல பெண்கள் கூடு வைக்கும், சில இடங்களில் பதினைந்து வரைகூட. அவன் பருந்தையே துரத்துவான், உன்னை விடுவானா?

இத்தனைக்கும் பயந்த பறவைதான். 2010 டிசம்பர் 31 இரவு, அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தின் பீபி ஊரில் வெடிச்சத்தத்தில் மிரண்டு கூட்டமாகக் கிளம்பி, இருட்டில் வீடுகளிலும் மரங்களிலும் மோதி ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

சரி, இப்போதைக்கு வேறு பாதையில் போ. அந்த வழியாகத்தான் போகவேண்டும் என்றால் குடை பிடித்துக்கொள். பெரும்பாலும் பின்னால் இருந்துதான் வரும். குஞ்சு பொரித்து இரண்டு வாரத்துக்குள் கூட்டை விட்டு இறங்கிவிடும். பழுப்புக் குருவி கண்ணில் பட்டால் தூரத்தில் நின்றே ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா