உணவை நடுவாகக் கொண்ட மங்கா கதைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

யப்பானியச் சித்திரக்கதைகளாகிய மங்காவைப் பிள்ளைகள் வாசிப்பதை வீண்பொழுது என்று ஒதுக்கும் பெற்றோரும் ஆசிரியர்களும், அவற்றுள் சமையலை நடுவாகக் கொண்ட மாயக்கதைகளை ஒருமுறையேனும் புரட்டிப் பார்க்க வேண்டுமெனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ரியோகோ குய் 2014 முதல் 2023 வரை எழுதி வரைந்து, 14 தொகுதிகளாக வெளிவந்த ‘டன்ஜன் மெஷி’ இவ்வகையில் முதலில் சொல்லத்தக்கது. சிவப்பு டிராகன் விழுங்கிய தங்கையை மீட்க நிலவறைக்குள் இறங்கும் லயோஸும் தோழர்களும், பணமும் உணவும் இல்லாத நிலையில், அங்கே திரியும் விசித்திர உயிரினங்களையே சமைத்து உண்கிறார்கள். வாளும் மந்திரமும் கதையில் உண்டு. ஆயினும் மனதைப் பிடித்து நிறுத்துவது, செஞ்சி என்னும் குள்ளர் நடக்கும் காளானையும் பெருந்தேளையும் துப்புரவாக்கி, உதவாத பாகங்களை நீக்கி, ஒரே சட்டியில் கொதிக்கவிடும் இடம்தான். களிமண் பூதங்களின் முதுகில் அவர் மரக்கறி பயிரிடுவதையும் ஆசிரியர் அதே அக்கறையோடு வரைந்திருக்கிறார். உயிரினங்கள் கற்பனை, அடுப்படி வேலையோ முழுக்க மெய். அருவருத்து மறுக்கும் தோழி மார்சில்கூட ஈற்றில் மற்றவர்களோடு இருந்து உண்கிறாள்.

காய்ந்த பனங்கிழங்கு மாவாலான ஒடியற்கூழைப் பெரும்பானையில் காய்ச்சி, பனையோலைப் பிளாவில் வார்த்து, சுற்றியிருந்து குடித்துப் பழகிய வன்னி மக்களுக்கு இது அந்நிய உலகமன்று. 2009 இல் போரின் இறுதி நாட்களில் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்காக வரிசையில் நின்றவர்கள் இன்றும் மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சியைப் பகிர்ந்து வருகிறார்கள். பசியையும் பகிர்ந்துண்ணலையும் இவ்வளவு மதிக்கும் கதையைச் சிறுபிள்ளை விளையாட்டென்று நாம் தள்ளிவிடலாகாது என்பது என் உறுதியான எண்ணம். இரத்தம் சிந்தும் காட்சிகளும் இருப்பதால் மிகச் சிறிய பிள்ளைகளுக்கு இதனைக் கொடுக்கவேண்டாம். மேல்வகுப்பு மாணவருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆகவே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொதுநூலகங்களும் கிராமத்து வாசிகசாலைகளும் இத்தகைய நூல்களை ஆங்கில மொழிபெயர்ப்பிலேனும் வாங்கிவைக்க வேண்டும். தங்கள் வாரப்பதிப்பின் சிறுவர் பக்கமும் எமது இளம் ஓவியர்களுக்கு ஒரு தொடருக்கான இடம் ஒதுக்கினால், காட்டுப் பாலைப்பழத்தின் பால் உதட்டில் ஒட்டுவதும், ஒடியல் மாவை ஊறவைத்துக் கசப்பகற்றுவதும், குளத்து மீனைக் கரையிலேயே சுட்டுத் தின்பதும் அவர்கள் கையால் மாயக்கதையாகும். அதற்கான அழைப்பைத் தாங்களே விடுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.