விளக்கீட்டு இரவில் உனக்குக் காட்டாத மூலை

தங்கச்சி,

இன்றைக்குக் கார்த்திகை விளக்கீடு. வாழைக்குத்தி வெட்டச் சொல்லி அம்மா விடியற்காலையிலேயே தொடங்கிவிட்டார். சிரட்டை எடுக்கப் பின்பக்கம் போனபோது மாதுளைக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றேன். ஏன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

போன மாதம் நீ அனுப்பிய குரல்பதிவை நாலு தரம் கேட்டேன். தை மாதம் வருகிறாய் என்றதும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன் கடைசியில் நீ சொன்னது அவருக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. "நான் வரமுன்னம் அந்தப் பூனையை ஆருக்காவது குடுத்துவிடு அக்கா. எனக்கு அதைப் பார்க்கேலாது."

அதற்குப் பதில்தான் இது. தொலைபேசியில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், அம்மா வந்து என்ன ஏது என்று கேட்பார், பாதியில் நின்றுவிடும். அதோடு, போன வருடம் உன் பூனை சூட்டி செத்ததைப் பற்றி நான் எழுதியதும் எல்லாரும் வாசிக்கிற இந்த இடத்தில்தான். முகம் தெரியாத எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அந்த எழுத்தில் ஒரு பொய் இருந்தது. பொய் சொன்ன இடத்திலேயே அதைத் திருத்த வேண்டும்.

நீ குடுத்துவிடச் சொல்கிற செம்பி, சூட்டி செத்த பிறகு வந்தவள் இல்லை. எட்டு நாள் முன்பே வந்துவிட்டாள்.

சூட்டியைப் புதைத்த மண் காயமுன்னம் அவளுடைய இடத்துக்கு இன்னொன்றைக் கொண்டுவந்துவிட்டேன் என்பதுதானே ஒரு வருடமாக உனக்கு என்மேல் உள்ள கோபம்? "ஒரு கிழமைகூடப் பொறுக்கேலாமப் போச்சோ?" என்று கேட்டாய். நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பழியைச் சுமக்க முடிந்தது. உண்மையைச் சுமக்க முடியவில்லை.

அன்று மாலை நல்ல மழை. கோண்டாவில் ஒழுங்கைகளில் மழை பெய்தால் தண்ணீர் எப்படிச் சிவப்பாக ஓடும் என்று உனக்குத் தெரியும். கடைக்குப் போய்வரும்போது மதகுக்குள்ளிருந்து சத்தம். முதலில் தவளை என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். படலைவரை போனவள் திரும்பி வந்தேன். கையை விட்டு இழுத்தால் ஒரு உள்ளங்கை அளவு சீவன், தலை முதல் வால்வரை செம்மண். அதனால்தான் செம்பி. கழுவித் துடைத்த பிறகுதான் வெள்ளை, கறுப்பு, மஞ்சள் மூன்றும் தெரிந்தது. மூன்று நிறம் என்றால் அநேகமாகப் பெட்டை என்று நீ சொல்லித்தந்திருக்கிறாய்.

நீ இன்னொன்றும் சொல்லித்தந்தாய். சூட்டியைக் கொண்டுவந்தபோது உன் மூத்த பூனை மணியனிடம் காட்டாமல் இரண்டு கிழமை தனி அறையில் வைத்தாய். கதவுக்கு அடியில் துவாயைச் சுருட்டி வைத்தாய். அவளைத் தொட்ட கையோடு மணியனைத் தொடாதே என்று என்னைப் பேசினாய். ஆக, எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியே இல்லை. தெரியும். ஆனால் முன்னறையில் அந்த நாட்களில் ஆர் இருந்தார், ஏன் இருந்தார் என்று உனக்குத் தெரியும். அதை இங்கே எழுதமாட்டேன், எங்கள் ஆட்களும் வாசிக்கிறார்கள். மற்ற அறையில் அம்மா. மிச்சம் இருந்தது குசினிதான். சூட்டியும் மணியனும் படுக்கிற இடமும் அதுதான். ஒரு இரவுதானே என்று நினைத்தேன். அடுத்த நாளும் மழை விடவில்லை.

மணியன் சீறிவிட்டு அலுமாரிக்கு மேல் ஏறிவிட்டான். சூட்டிதான் போய் மணந்து பார்த்தாள், நக்கினாள், பிறகு பக்கத்தில் படுத்தாள். விடிய எழும்பிப் பார்த்தால் இரண்டும் ஒரே சாக்கில், ஒன்றின் வயிற்றில் மற்றது. எனக்கு அதைப் பார்க்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? படம்கூட எடுத்தேன். உனக்கு அனுப்பவில்லை. இன்னும் என்னிடம் இருக்கிறது.

இரண்டு நாளாகக் குட்டிக்கு வயிற்றால் போனது. பசுப்பால் கொடுத்ததால் என்று நினைத்தேன். பூனைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தும் அம்மாவின் மனதுக்காகக் கொடுத்தது. பாலை நிறுத்தியதும் நின்றுவிட்டது, நானும் மறந்துவிட்டேன். ஆறாம் நாள் சூட்டி சூடைமீனை மணந்துவிட்டுத் திரும்பிப் போனாள். ஏழாம் நாள் மஞ்சள் நுரையாகச் சத்தி. எட்டாம் நாள் விளக்கீடு.

அந்த மாலையைத்தான் நான் உனக்குச் சொல்ல வேண்டும்.

மழை விட்டிருந்தது. படலையடியில் வாழைக்குத்தி நட்டு, மேலே சிரட்டை வைத்து எண்ணெய் விட்டிருந்தேன். மதில் நீளத்துக்குச் சிட்டி விளக்குகள். கிணற்றடியிலும் ஒன்று, மாட்டுக்கொட்டில் இருந்த இடத்திலும் ஒன்று, பழக்கத்தில். ஏழு மணிக்கு நீ கூப்பிட்டாய். உனக்குக் காலை எட்டரை, வெளியே பனி என்றாய். "விளக்கைக் காட்டு அக்கா, எல்லாத்தையும் காட்டு" என்றாய். நான் கைபேசியைப் பிடித்துக்கொண்டு மதில் ஓரமாக நடந்தேன். நீ ஒவ்வொரு விளக்காக எண்ணினாய். சின்னப் பிள்ளை மாதிரி எண்ணினாய். பதினேழில் விறாந்தை வந்துவிட்டது.

விறாந்தை மூலையில் சூட்டி இருந்தாள். தண்ணீர்ச் சட்டிக்கு முன்னால் குந்தி, நாடியைச் சட்டியின் விளிம்பில் வைத்துக்கொண்டு. குடிக்கவில்லை. தாகம் இருக்கிறது, குடிக்க முடியவில்லை. விளக்கு வெளிச்சம் தண்ணீரில் ஆடியது, அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னங்காலில் ஊசி போட மயிர் வழித்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. அவளுக்குப் பின்னால், கதிரைக்குக் கீழே செம்பி.

"சூட்டி எங்கை?" என்று கேட்டாய்.

நான் கமராவை முற்றத்துப் பக்கம் திருப்பினேன். "படுத்திட்டாள்" என்றேன். அந்த நேரம் பார்த்துச் செம்பி கத்தினாள். "அது ஆற்றை சத்தம்?" என்றாய். "பக்கத்து வீட்டுக் குட்டி" என்றேன். நீ சிரித்தாய். "உள்ளுக்கு விட்டிடாதை, சூட்டிக்கு ரெண்டாவது தடுப்பூசி போட்டனியெல்லோ?" என்றாய். நான் ஓம் என்றேன்.

மூன்று பொய். ஒரு நிமிடத்துக்குள்.

அன்று உனக்கு வேலைக்கான நேர்முகம் இருந்தது. பத்து மணிக்கு. அதற்கு முன் உன்னைக் கலக்கக் கூடாது என்று நினைத்தேன். இது உண்மை. ஆனால் நேர்முகம் இல்லாவிட்டாலும் கமராவைத் திருப்பியிருப்பேன். அதுவும் உண்மை.

மத்தியானமே மிருக வைத்தியரிடம் கொண்டுபோயிருந்தேன். பனங்கூடைக்குள் துவாய் விரித்து, முச்சக்கர வண்டியில். பின்னேரம்வரை வைத்துச் சேலைன் ஏற்றினார், ஊசி போட்டார். "புதுசாப் பூனை ஏதும் எடுத்தனீங்களோ?" என்றார். எட்டு நாள் என்றேன். "தனிய வச்சனீங்களோ?" இல்லை என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசியிருந்தால் நல்லது என்று இருந்தது. உனக்குச் சொல்லாத உண்மையை முன்பின் தெரியாத மனிசருக்கு இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டேன் பார்.

நோயின் பெயர் பன்லூக்கோபீனியா. பூனைப் பார்வோ என்றும் சொல்கிறார்கள். குடலையும் இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களையும் ஒன்றாக அழிக்கும், அதனால் உடம்புக்கு எதிர்த்து நிற்க ஆள் இல்லாமல் போய்விடும். ஒரு பூனைக்கு வந்து மாறினாலும் அதன் கழிவில் ஆறு கிழமைவரை கிருமி போகலாம். செம்பியின் அந்த வயிற்றுப்போக்கு பாலால் வந்ததா, அந்த நோயின் கடைசியா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். "உங்கடை செருப்பிலையும் வந்திருக்கலாம்" என்றார். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு வருடம் ஓட்டியிருக்கிறேன். நடுச்சாமத்தில் எழும்பிச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்ற நாளும் உண்டு.

பக்கத்து வீட்டு மாமி பரசிட்டமோல் அரைவாசி கரைத்துப் பருக்கச் சொன்னார், அம்மாவும் சேர்ந்துகொண்டார். பூனையின் ஈரல் அதைத் தாங்காது, அந்த அரைவாசியே கொன்றுவிடும் என்று நீ சொல்லியிருந்தாய். கொடுக்கவில்லை. அதை மட்டும் சரியாகச் செய்தேன்.

விடிய ஐந்து மணிக்கு உன்னுடைய பழைய நீலப் பாவாடையில் போய்விட்டாள். அதற்கு மேல் எழுதமாட்டேன்.

தடுப்பூசிக்கு வருகிறேன். குசினிக் கலண்டரில் மார்ச் 9ஐச் சுற்றி நீ சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு "சூட்டி 2ஆம் ஊசி" என்று எழுதிவிட்டுப் போனாய். முதல் ஊசி மட்டும் குட்டிக்குப் போதாது, மூன்று நாலு கிழமை கழித்து அடுத்தது வேண்டும் என்று விமான நிலையத்துக்கு வெளிக்கிடும்போதும் சொன்னாய். காசும் அனுப்பினாய். அந்தக் கிழமை அம்மாவோடு ஆஸ்பத்திரியில் தரையில் படுத்தேன். அடுத்த கிழமையும். பிறகு கலண்டர் தாளைத் திருப்பிவிட்டேன், வட்டம் மறைந்துபோனது. அந்தக் காசு எதற்குப் போனது என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் மருந்துக்கடைத் துண்டு வைத்திருக்கிறேன், காட்டியிருப்பேன்.

நீ கேட்காததில் இன்னும் நிறைய இருக்கிறது. கூப்பிட்டால் முதல் கேள்வி மணியன் சாப்பிட்டானா, இரண்டாவது சூட்டி எங்கே, மூன்றாவது அம்மாவின் மருந்து. நான் சாப்பிட்டேனா என்று எத்தனையாவது கேள்வியாக வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். உன்னுடைய இரண்டு பூனை, எங்களுடைய அம்மா, இந்த வீடு, கிணறு, எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனாய். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போ என்று சொன்னதே நான்தான். ஆனால் நீ போன பிறகு நானாக விரும்பி இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தது அந்த உள்ளங்கை அளவு சீவன் ஒன்றைத்தான். அதைத்தான் குடுத்துவிடு என்கிறாய்.

இதை எழுதிவிட்டு அழிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

அந்தக் கிருமி வீட்டுக்குள் ஒரு வருடம்வரை உயிரோடு கிடக்கும், அதுவரை புதுக் குட்டி எதையும் எடுக்க வேண்டாம் என்றார் வைத்தியர். சாதாரணக் கிருமிநாசினிக்கு அது அசையாது. ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பத்திரண்டு பங்கு தண்ணீர் கலந்து குசினி, விறாந்தை எல்லாம் கழுவினேன். ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விட வேண்டும். திரும்பத் திரும்பக் கழுவியதில் சிவப்புச் சீமெந்து திட்டுத்திட்டாக வெளுத்துவிட்டது. நீ வரும்போது பார்ப்பாய். அப்பா மினுக்கி வைத்திருந்த நிலம். சாக்கை எரித்தேன். மணியனுக்கு நீ எல்லா ஊசியும் போட்டிருந்தாய், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் உன்னால் தப்பினான்.

முன்னறை காலியானதும் செம்பியை அங்கே வைத்து, நீ சூட்டிக்குச் செய்த மாதிரியே எல்லாம் செய்தேன். பிந்தித்தான், ஆனாலும் செய்தேன். மணியன் படுத்த துணியை அவளுக்கும் அவளுடையதை அவனுக்கும் மாற்றி மாற்றிப் போட்டேன். அவன் முதலில் அந்தத் துணியைக் கண்டாலே சீறுவான். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. கீரிமீன் அவித்த நாளில் மட்டும் சீறாமல் சாப்பிட்டான். தட்டுகளை நாளுக்கு ஒரு சாண் கிட்டவாக நகர்த்தினேன். இரண்டு பூனைக்கு மூன்று மண்தட்டு. கடற்கரை மண் கொண்டுவந்து தந்தவர் இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். ஐந்தாம் கிழமை கதவைத் திறந்து விட்டேன். மணியன் வந்தான், அவளுடைய தலையை ஒருதரம் மணந்தான், கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டான். அவ்வளவுதான். இதையே அந்த எட்டு நாளும் செய்திருந்தால் என்று அன்று இரவு முழுக்க நினைத்தேன். நீ இருந்திருந்தால் உடனே உனக்கு வீடியோ எடுத்து அனுப்பியிருப்பேன் என்று எழுத வந்தேன். நீ இருந்திருந்தால் எதற்கு வீடியோ.

அவளுக்கு இரண்டு ஊசியும் போட்டாயிற்று. கருத்தடை ஆபரேஷனும் செய்தாயிற்று. திகதி எல்லாம் கலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன், சிவப்பில்.

சூட்டி என்னால் செத்தாள். ஊசியை விட்டதும் நான், குசினிக் கதவைத் திறந்ததும் நான். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், எல்லாருக்கும் முன்னால். ஆனால் மதகுக்குள் கையை விட்டதற்கு என்னால் மன்னிப்புக் கேட்க முடியவில்லை. முயன்று பார்த்தேன், வரவில்லை. அந்த மழைக்கு அவள் விடியும்வரை இருந்திருக்கமாட்டாள்.

ஆகவே செம்பியை அனுப்பமாட்டேன். நீ வரும்போது அவள் என் அறையில் இருப்பாள், கதவைச் சாத்தி வைக்கிறேன். உனக்குப் பார்க்க மனமில்லையென்றால் இருக்கிற நாள் முழுக்கப் பார்க்க வேண்டாம். மணியன் உன் காலடியில்தான் படுப்பான்.

எண்ணெய் விட நேரமாகிறது. அம்மா இரண்டுதரம் கூப்பிட்டுவிட்டார். ஏழு மணிக்கு நீ கூப்பிட்டால், விறாந்தை வந்ததும் கமராவைத் திருப்பமாட்டேன்.

அக்கா