காயலான் கடையும் காங்கோ இசையும்

வியாசர்பாடி,
சென்னை - 39.

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். இரவெல்லாம் கைப்பேசியில் காணொளி பார்க்கும் என்னிடம், பஞ்சத்தையும் சண்டையையும் தவிர ஆப்பிரிக்காவில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். அதற்கு விடை சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மலாவி நாட்டில் 2001-02இல் வந்த பஞ்சத்தின்போது, பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லாமல் படிப்பை நிறுத்திய வில்லியம் கம்குவம்பா என்ற பையன், நூலகத்தில் கிடைத்த ஓர் அறிவியல் புத்தகத்தின் படங்களைப் பார்த்தே வீட்டருகில் காற்றாலை ஒன்றைக் கட்டினான். சைக்கிள் சட்டம், டிராக்டர் விசிறி, நெருப்பில் வாட்டித் தட்டையாக்கிய பிவிசி குழாய் என்று, நம் பக்கம் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடும் சாமான்கள்தான் அத்தனையும். அதில் வீட்டுக்கு விளக்கு எரிந்தது. 2007இல் தான்சானியாவின் அருஷா நகரில், புதிய சிந்தனைகளை மேடையேற்றும் டெட் மாநாட்டில், ஆங்கிலம் தடுமாற, கேட்ட கேள்விகளுக்கு ஓரிரு சொற்களில் விடை சொல்லிவிட்டு நிற்கிறான். நீ சொல்லும் பஞ்சமும் அந்தக் காணொளியில் இருக்கிறது. ஆனால் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அதே 2007இல்தான் கென்யாவில் எம்-பெசா வந்தது. வங்கிக் கணக்கே இல்லாதவர்கள் சாதாரணக் கைப்பேசியின் குறுஞ்செய்தி வழியாக ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். நம் யுபிஐ வந்தது 2016இல். பெசா என்றால் சுவாகிலி மொழியில் பணம். நம் பைசாதான் கடல் கடந்து போய் அப்படி ஆகியிருக்கிறது.

இசைக்கு வருகிறேன். காங்கோ நாட்டுக் கின்ஷாசா நகரத்துக் கொனோனோ நம்பர் ஒன் குழுவின் காணொளியை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. அவர்கள் வாசிக்கும் லிகெம்பே என்பது கைக்குள் அடங்கும் ஒரு மரப்பெட்டி. அதன்மேல் வரிசையாகப் பொருத்திய இரும்புப் பட்டைகளைக் கட்டைவிரல்களால் அமுக்கிவிட்டால் ஒலிக்கும். காங்கோ - அங்கோலா எல்லைக் கிராமங்களில் அந்த மெல்லிய ஓசை போதுமாயிருந்தது. பிழைப்புக்காக நகரத்துக்கு வந்தபின் தெரு இரைச்சலில் அது எவர் காதிலும் விழவில்லை. குழுவை நிறுவிய மவாங்கு மிங்கியெடி, பழைய கார் உதிரிகளிலிருந்து எடுத்த காந்தங்களைக் கொண்டு மைக் செய்து, அதைக் கூம்பு ஒலிபெருக்கியில் இணைத்தார். கரகரவென்று சிதறி வந்த அந்த ஓசையைச் சரிசெய்ய முயலாமல், அதையே தங்கள் இசையாக வைத்துக்கொண்டார்கள். முதல்முறை கேட்டபோது, நம் தெருவில் சாவு வீட்டுப் பந்தலில் விடிய விடிய மேசையிலும் தகர டப்பாவிலும் தாளம் தட்டிப் பாடிய கானாப் பாட்டுதான் நினைவுக்கு வந்தது.

இவற்றையெல்லாம் 'உலக இசை' என்கிறார்கள். கடையில் எந்த அடுக்கில் வைப்பது என்று புரியாத இசைத்தட்டுகளை விற்பதற்காக, 1987இல் லண்டனில் ஒரு மதுக்கடையில் கூடிய நிறுவனத்தார் பரப்பிய பெயர் அது. எனக்கு அதில் மரியாதை கிடையாது. நம் கானாவும் அந்த அடுக்குக்குத்தான் போகும்!

1996இல் மாலி நாட்டுக் கலைஞர்கள் சிலர் ஹவானாவுக்குப் போய்க் கியூபக் கலைஞர்களோடு சேர்ந்து பதிவு செய்வதாக இருந்தது. பயண ஆவணச் சிக்கலால் அவர்கள் போய்ச் சேரவில்லை. காத்திருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் கியூபாக்காரர்களை வைத்துப் பதிவானதுதான் உலகமே கொண்டாடிய பியூனா விஸ்டா சோஷியல் கிளப் என்ற இசைத்தொகுப்பு. விடுபட்ட அந்தச் சந்திப்பு ஒருவாறு கைகூடி, 2010இல்தான் இசைத்தொகுப்பாக வெளிவந்தது. அன்று போக முடியாமல் நின்றவர்களில் ஒருவரான பஸ்ஸேக்கு குயாட்டே, ங்கோனி என்ற தம் நரம்புக் கருவியை மீட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு முத்திரைக்காக இந்த மனிதருக்குப் பதினான்கு ஆண்டுகள் போயினவே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

குடியேற்றம் பற்றிய காணொளிகளை என்னால் வேடிக்கையாகப் பார்க்க முடிவதில்லை, காரணம் உனக்குத் தெரியும். 1962இல் ராணுவ ஆட்சி வந்தபின் ரங்கூனில் கடையை இழந்து, ஒரு தகரப் பெட்டியோடு சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர் என் தந்தை. அந்தப் பெட்டியில் இப்போது என் பேத்தி பாடப்புத்தகம் வைத்திருக்கிறாள். மூடியின் உட்புறத்தில் பர்மிய எழுத்து இன்னும் அழியவில்லை. இதே கரையிலிருந்துதான் 1860இல் ட்ரூரோ கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய்ச் சேர்ந்தது. துறைமுகம் கட்டாத காலம். மசூலாப் படகில் அலையைத் தாண்டித்தான் கப்பலேற வேண்டும். கரும்புத் தோட்டத்துக்குப் போன அவர்களின் வழிவந்தவர்கள், தமிழ் பேச வராவிட்டாலும் காவடி எடுத்து ஆடும் காணொளி ஒன்றையும் உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

சுட்டிகளை வாட்ஸப்பில் அனுப்பப் பேரனிடம் சொல்லியிருக்கிறேன். கொனோனோவை மட்டும் ஒலியைக் கூட்டி வைத்துக் கேள். தங்கை சரோஜா மதியம் உறங்கும் நேரத்தில் வேண்டாம்.

அன்புடன்,
முருகேசன்